வரிசை எண் முப்பத்தொன்று

ஐயா,

உங்கள் கடிதம் போன செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. பள்ளியில் அரையாண்டுப் பரீட்சை நடக்கிறது. திருத்த வேண்டிய தாள்கள் நூற்றுப்பத்து. அதனால் பதில் தாமதமாகிவிட்டது. மன்னிக்கவும்.

நீங்கள் கேட்டிருப்பது ஒரே ஒரு விவரம். 1953 நவம்பரில் புதுச்சேரி எல்லைச் சாவடியில் நான் எடுத்த நேரக் கணக்கின் முதல் நாள் பட்டியலில், வரிசை எண் முப்பத்தொன்றுக்கு எதிரே வந்த நேரம் இருக்கிறது; வெளியேறிய நேரம் இல்லை. துறைமுகங்களில் சரக்கு எவ்வளவு நேரம் தேங்குகிறது என்று அளப்பதற்காக நீங்கள் தயாரிக்கும் கையேட்டில் அந்தப் பட்டியலை மாதிரியாகச் சேர்க்கப் போகிறீர்கள். எட்டு வருடம் கழித்து ஒருவர் அதை இவ்வளவு கவனமாகப் படித்திருப்பது எனக்கு மகிழ்ச்சிதான். கட்டம் காலியாக இருப்பதற்குக் காரணம் எளியது. நான் நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். அப்போது முப்பத்தொன்று வெளியேறியிருக்கவில்லை.

உங்கள் கேள்விக்கு இது போதும். ஆனால் நீங்கள் அச்சிடப் போகிறீர்கள். அச்சில் வருவது சரியாக இருக்க வேண்டும். அதனால் மற்றதையும் எழுதுகிறேன்.

சாவடியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில் பதினாறாவது மைலில் ஒரு மூங்கில் தடுப்பு. இந்தப் பக்கம் நம் நாடு, அந்தப் பக்கம் வேறு நாடு. மாமியார் வீடு அங்கே, மல்லாட்டை விளையும் கொல்லை இங்கே என்று இருந்தவர்கள் ஏராளம். ஒரு கூடை கத்தரிக்காய் தடுப்பைத் தாண்ட வேண்டுமானாலும் சாவடியில் பதிவு செய்து, பிரித்துக் காட்டி, முத்திரை வாங்க வேண்டும். வரிசை நகர்வதே இல்லை என்று மேலே புகார் போயிற்று. எவ்வளவு நேரம் ஆகிறது என்று மேலே கேட்டார்கள். யாராலும் சொல்ல முடியவில்லை. அதை அளப்பதற்காக விழுப்புரத்தில் ஒரு தற்காலிக அலுவலகம் திறந்தார்கள். எங்கள் வீடு விழுப்புரம். நான் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்திருந்தேன். வயது இருபத்திரண்டு. என்னை எடுத்துக்கொண்டு, அந்தச் சாவடிக்கு அனுப்பினார்கள். திண்டிவனத்தில் பெரியம்மா வீட்டில் தங்கி, தினமும் பஸ்ஸில் போய் வந்தேன்.

நாங்கள் செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம். தண்ணீரில் பூச்சி இருந்து செத்துவிடக் கூடாது என்று வடிகட்டிக் குடிப்பவர்கள். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டோம். எறும்பை மிதித்துவிடக் கூடாது என்பதற்காகத் தரையைப் பார்த்தே நடக்க வேண்டும் என்று சின்ன வயதிலேயே எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் வாசலோடு போயிற்று. எனக்கு எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டது. கல்லூரியில் கரும்பலகையையும் தரையையும் தவிர நான் அதிகம் எதையும் பார்த்ததில்லை.

சாவடியில் எனக்கு ஒரு மேசை, ஒரு கடிகாரம், ஒரு நோட்டு. முதல் மாதம் வேலை சுலபமாக இருந்தது. வரும் சரக்கில் ஐந்தில் ஒன்றின்மேல் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுவேன். அது வந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும் எழுதுவேன். மாத முடிவில் சராசரி பதினெட்டு நிமிடம் வந்தது. ஜனங்களோ அரை நாள் நின்றுகொண்டிருந்தார்கள். காரணம் புரிய இரண்டு நாள் ஆயிற்று. கோடு போட்ட மூட்டையைச் சிப்பாய்கள் உடனே அவிழ்த்து உடனே விட்டுவிட்டார்கள். எது அளக்கப்படுகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாம் மாதம் கோடு போடுவதை நிறுத்திவிட்டேன். ஐந்தில் ஒன்றை மனத்துக்குள் வைத்துக்கொண்டேன். ஆனால் அது மூட்டையா கூடையா என்று எழுத ஒருமுறை நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது. மற்ற நேரத்தில் நான் நிமிர்வதே இல்லை என்பதால், நிமிர்ந்தால் எல்லோருக்கும் தெரிந்தது. சாவடி இன்ஸ்பெக்டர் ராஜாமணி முன்பு சுண்ணக்கட்டியைக் கவனித்தார். இப்போது என் தலையைக் கவனித்தார். நான் எதைப் பார்த்தேனோ அது பத்து நிமிடத்தில் வெளியே போயிற்று. இது எனக்குத் தெரியாது. மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அதை வாய்விட்டுச் சொன்னவர் சுப்பராயலு. வானூர்ப் பக்கத்துக்காரர். முப்பது வயதிருக்கும். சைக்கிள் கேரியரில் கீரையும் முட்டையும் கட்டிக்கொண்டு தினமும் புதுச்சேரி மார்க்கெட்டுக்குப் போய் வருவார். டயருக்குள் வாட்ச் வைத்துக் கொண்டுவந்து இரண்டு தடவை பிடிபட்டவர். அதையும் அவரே சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். ஒரு நாள் வரிசையின் நடுவிலிருந்து சிப்பாய் சின்னக்கண்ணுவைக் கூப்பிட்டார்.

"இன்னா சின்னக்கண்ணு, வரிச வரிசன்னு எதுக்குக் கூவினுகீற? கணக்கம்மா கண்ணு எந்த மூட்ட மேல உழுதோ அத்தத்தான அவுக்கறீங்க. நாளைலேந்து நா கேரியர்ல மொகம் பாக்கற கண்ணாடி ஒண்ணு கட்டிக்கினு வர்றேன். அந்தம்மா அதையாச்சும் பாக்கட்டும்."

"வாய மூட்றா. அம்மா காதுல உழப்போவுது."

"உழட்டுமே. காதுல உழும், கண்ணுதான் மேல வராது. பாவம், நாளைக்கு மாப்ள வந்தாக்கூட அவன் செருப்ப மட்டும் பாத்துட்டு சரின்னுடும். அப்பறம் அதே செருப்ப மாட்டிக்கினு வேற எவன் வந்தாலும் அவங்கூடப் போயிடும்."

வரிசை முழுவதும் சிரித்தது. ராஜாமணியும் சிரித்தார். சின்னக்கண்ணு சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். நான் நேரம் எழுதிக்கொண்டிருந்தேன். பத்து மணி இருபத்திரண்டு நிமிடம். நல்ல கேலிதான் அது. இப்போது எழுதும்போதும் அதில் குறை சொல்ல ஒன்றும் தெரியவில்லை. நான் அதை மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை.

மறுநாளிலிருந்து சாவடி திருவிழாபோல ஆகிவிட்டது. மூட்டைகளில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு வந்தார்கள். முட்டைக் கூடையில் சலங்கை தொங்கியது. ஒரு அம்மாள், "தாயி, இங்க பாரு தாயி, கோழிக்குப் பொட்டு வெச்சிக்கீறேன்" என்று மேசைக்குக் கிட்ட வந்து நீட்டினாள். சுப்பராயலு சொன்னபடியே கண்ணாடி கட்டிக்கொண்டு வந்தார். அதிலிருந்து வெயில் வந்து என் நோட்டின்மேல் விழுந்து ஆடியது. நான் யாரையும் பார்க்காமல் எழுத ஆரம்பித்தேன். எழுத ஒன்றுமில்லாமல் போயிற்று.

விழுப்புரத்திலிருந்து குறிப்பு வந்தது. கணக்கு நம்பத் தகுந்ததாக இல்லை, மாதக் கடைசியோடு வேலை நிறுத்தப்படும் என்று. அவர்கள் சொன்னது நியாயம்தான். சின்னக் கிண்ணத்துத் தண்ணீரில் பெரிய வெப்பமானியை விட்டால் தண்ணீரின் சூடே மாறிவிடும். என் பார்வை அந்த மாதிரி வெப்பமானியாக இருந்தது. அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. பார்வை எவ்வளவு மாற்றுகிறது என்பதையே அளந்துவிட்டால்?

உங்களுக்குப் பிடித்தது அந்த முறைதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அறுபது துண்டுச் சீட்டுகள். முப்பதில் 'பார்', முப்பதில் 'பாராதே'. மடித்து ஒரு பிஸ்கோத்து டப்பாவில் போட்டேன். ஒவ்வொரு சரக்கும் பதிவுக்கு வரும்போது ஒரு சீட்டு எடுப்பேன். 'பார்' என்று வந்தால் நிமிர்ந்து பார்ப்பேன். 'பாராதே' என்று வந்தால் குனிந்தே இருப்பேன். என்ன சரக்கு என்பதைச் சின்னக்கண்ணு வாயால் சொல்லிவிடுவார். எடுத்த சீட்டை வரிசைப்படி ஒரு கம்பியில் குத்தி வைப்பேன். இதில் என் விருப்பத்துக்கு இடமில்லை. யாரைப் பார்ப்பது, யாரைப் பார்க்காமல் இருப்பது என்று சீட்டு முடிவு செய்யும். நான் செய்ய மாட்டேன். சாவடியில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. சொன்னால் சோதனை கெட்டுவிடும்.

நவம்பர் பத்தொன்பது, வியாழக்கிழமை. விடியற்காலையில் தூறல் இருந்தது. ஏழு மணிக்கு நின்றுவிட்டது. முதல் இரண்டு மணி நேரத்திலேயே முடிவு தெரிய ஆரம்பித்தது. பார்த்தவை பதினைந்து நிமிடத்தில் போயின. பார்க்காதவை, பதிவான சரக்கை வைக்கும் பலகை மேலேயே இருந்தன. பார்த்த ஒவ்வொன்றும் பார்க்காத ஒன்றைப் பின்னால் தள்ளியது. இவ்வளவு தெளிவான வித்தியாசத்தை நான் கல்லூரிப் பரிசோதனைச் சாலையில்கூடக் கண்டதில்லை.

ஒன்பது மணி ஐம்பத்திரண்டு நிமிடத்துக்கு ஒரு சைக்கிள் வரிசையைத் தாண்டி நேரே மேசைக்கு வந்தது. யாரோ அதட்டினார்கள். குரலை வைத்துத் தெரிந்துகொண்டேன், சுப்பராயலு.

"சின்னக்கண்ணு, பொண்ணுக்கு மருந்துடா. தொண்ட அடைச்சிக்கிச்சி. திண்டிவனத்துல டாக்டரு ஊசிய வெச்சிக்கினு நிக்கறாரு. அங்க இல்லன்னு பாண்டிலேந்து வாங்கியாறேன். சாய்ந்தரத்துக்குள்ள போட்டாகணுமாம். உட்றா."

"நீ கடத்தறதுன்னா கொல்லமேட்டு வழில போறவன் ஆச்சே. இன்னிக்கு இன்னா ரோட்டு வழி?"

"கொல்லமேட்ல புடிச்சானுங்கன்னா மருந்து போயிடும்டா. நேர் வழில போனா ஜல்தியா உடுவீங்கன்னு வந்தேன்."

குழந்தைக்கு ஆறு வயது, பெயர் தையல்நாயகி என்று அவர் சொன்னார். மூச்சு விடும்போது விசில்போலச் சத்தம் வருகிறது, தூக்கிக்கொண்டு வர முடியாது, அதனால்தான் தான் மட்டும் வந்ததாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே பெட்டியைத் தரையில் வைத்தார். நேரே என் காலடியில், என் பார்வை எப்போதும் விழும் இடத்தில் வைத்தார். நான் எங்கே பார்ப்பேன் என்று அந்தச் சாவடியில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை.

தகரப் பெட்டி. உள்ளே மரத்தூளும் ஐஸும். மேலே ஒட்டியிருந்த காகிதம் பிரெஞ்சில் இருந்தது. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் நோயின் பெயர் இங்கிலீஷில் எழுதுவதுபோலத்தான் அதிலும் இருந்தது. டிப்தீரியா என்கிற தொண்டை அடைப்பானுக்கான சீரம். படித்துவிட்டுப் பார்வையைக் கடிகாரத்துக்கு மாற்றிக்கொண்டேன்.

"முப்பத்தொண்ணு, மருந்துப் பொட்டி" என்றார் சின்னக்கண்ணு.

கம்பியில் முப்பத்தொன்றாவதாகக் குத்தியிருக்கும் சீட்டு 'பாராதே'. கம்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. நீங்கள் வந்தால் காட்டுகிறேன்.

பதிவு செய்த சரக்கைப் பலகையில் வைத்துவிட வேண்டும். முத்திரை விழும்வரை அதன் சொந்தக்காரரும் தொடக் கூடாது. பலகை என் மேசைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. சுப்பராயலு அங்கிருந்து என் அருகில் வந்து நின்றார்.

"அம்மா, ஒரு தபா நிமிந்து பாருங்கம்மா. பொட்டிய பாத்தாப் போதும். என்னப் பாக்க வாணாம்."

நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

"நா பேசனது தப்புதாம்மா. வாய்ல மண்ணு போட்டுக்கறேன். ஒரு தபாம்மா."

"வரிசையில் நில்லுங்க" என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தைகள் அவை. சாவடியில் யாரிடமும் நான் அதிகம் பேசியதில்லை.

ராஜாமணியைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் பதினோரு மணிக்குப் பெட்டியைத் திறந்து பார்த்தார். "மருந்துன்னுதான் எல்லாரும் சொல்றான். போன மாசம் பஞ்சு உருண்டைக்குள்ள வாட்ச் வந்துச்சி. இதுல இன்னா எழுதிகீதுன்னே தெரியல. பிரெஞ்சு தெரிஞ்ச குமாஸ்தா மத்தியானத்துக்கு மேல வருவாரு, அவரு பாக்கட்டும்" என்றார். சொல்லும்போது என் பக்கம் திரும்பினார். அவர் நிழல் மேசையின்மேல் கொஞ்ச நேரம் நின்றது. நான் தலையைத் தூக்கியிருந்தால் குமாஸ்தா தேவைப்பட்டிருக்காது. நிழல் நகர்ந்தது. முப்பத்தெட்டு 'பார்' என்று வந்தது. இரண்டு மூட்டை வெங்காயம். நிமிர்ந்து பார்த்தேன். பதினொரு நிமிடத்தில் போயிற்று.

ஐஸ் உருகிப் பலகையின் வழியாகச் சொட்டியது. தண்ணீர் தரையில் ஓடி என் செருப்புக்கு வந்தது. காலை நகர்த்தவில்லை. ஒன்றை இங்கே தெளிவாக்க வேண்டும். ஐஸ் உருகியதால் மருந்து கெட்டுப்போயிருக்காது. சில மணி நேரம் சாதாரணச் சூட்டில் இருந்தால் சீரத்துக்கு ஒன்றும் ஆகாது. கெட்டது நேரம்தான். பத்தரைக்கு விட்டிருந்தால் சைக்கிளில் பன்னிரண்டரைக்குள் திண்டிவனம் போயிருக்கலாம். இதை நான் அப்போதே நோட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மணிக்கு விட்டால் மூன்று. இரண்டு மணிக்கு விட்டால் நான்கு. நோட்டில் இன்னும் இருக்கிறது, பென்சிலில்.

குமாஸ்தா மத்தியானம் வரவில்லை. சுப்பராயலு சிப்பாய்களிடம் போனார், ராஜாமணியிடம் போனார், வரிசையில் நின்றவர்களிடம்கூடப் போனார். வரிசையில் நின்ற ஒருவர் சின்னக்கண்ணுவிடம், "நாங்களும் சொல்றோம், அந்தம்மாவ பாக்கச் சொல்லு" என்றார். கோழிக்குப் பொட்டு வைத்துக்கொண்டு வந்த அம்மாள் மேசையைத் தட்டி, "ஏ கணக்கம்மா, கண்ணு இன்னா வெச்சித் தச்சிகீதா?" என்றாள். இரண்டு மணிக்கு மேல் தண்ணீர் சொட்டுவது நின்றுவிட்டது. அதன் பிறகு சுப்பராயலுவின் சத்தமும் கேட்கவில்லை. பலகைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். அவர் கால் மட்டும் எனக்குத் தெரிந்தது. செருப்பு இல்லை. அவசரத்தில் போடாமல் வந்திருக்க வேண்டும்.

நாலு மணி பஸ்ஸில் கிளம்பினேன். ஐந்து மணிக்கெல்லாம் வீடு. பெரியம்மா கேப்பை அடை போட்டிருந்தார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்தேன்.

மறுநாள் காலை சின்னக்கண்ணுதான் சொன்னார். "நேத்து அந்த சைக்கிள்காரன் பொண்ணு போயிட்ச்சிம்மா. குமாஸ்தா அஞ்சரைக்கு வந்தாரு. அஞ்சே முக்காலுக்கு உட்டோம். அவன் அங்க போய்ச் சேர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடிதான் மூச்சு நின்னுச்சாம். இவன் சும்மா பொட்டிய நீட்டிக்கினு நின்னானாம்."

ஆக வெளியேறிய நேரம் எனக்குத் தெரியும். ஐந்து மணி நாற்பத்தைந்து நிமிடம். மொத்தம் ஏழு மணி ஐம்பத்து மூன்று நிமிடம். நான் கண்ணால் பார்த்து எழுதியதல்ல என்பதால் கட்டத்தை நிரப்பவில்லை. சராசரியிலும் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் பார்க்காத சரக்கின் சராசரி இன்னும் கூடியிருக்கும். என் முடிவு இன்னும் பலமாக இருந்திருக்கும். நீங்கள் விரும்பினால் நிரப்பிக்கொள்ளலாம்.

ஒரு நாள் கணக்கு போதாது என்பதால் அன்றும் சோதனையைத் தொடர்ந்தேன். அதுதான் இரண்டாம் நாள் பட்டியல். அதில் காலிக் கட்டங்கள் இல்லை. அறிக்கையை விழுப்புரத்தில் பாராட்டினார்கள். அளப்பவர் யார் கண்ணிலும் படவே கூடாது என்று விதி வந்தது. வரிசையும் கொஞ்சம் குறைந்தது. ஒரு வருடத்தில் புதுச்சேரி நம்மோடு சேர்ந்துவிட்டது. மூங்கில் தடுப்பைப் பிடுங்கிப் போட்டார்கள். இப்போது பஸ் அந்த இடத்தில் வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை.

எனக்குத் திண்டிவனத்திலேயே பள்ளி வேலை கிடைத்தது. நன்றாகத்தான் போகிறது. வருகைப் பதிவு எடுக்கும்போது மட்டும் முப்பது வரை கூப்பிட்டுவிட்டு முப்பத்திரண்டுக்குப் போய்விடுவேன். முப்பத்தொன்று வந்திருப்பதாக நானே குறித்துக்கொள்வேன். இந்த வருடம் அந்த எண்ணில் இருக்கும் பெண் காய்ச்சலில் ஒன்பது நாள் வரவில்லை. ஒன்பது நாளும் வந்ததாகவே குறித்திருக்கிறேன். பிள்ளைகள் சொல்லித்தான் தெரிந்தது. அந்த ஒன்பது நாளும் நான் அவள் இருக்கையிலிருந்து மூச்சுச் சத்தத்தைக் கேட்டேன். அதனால்தான் சந்தேகம் வரவில்லை. மழை நாட்களில் கால் நனைந்தால் எழுத முடிவதில்லை. வேறு ஒரு தொந்தரவும் இல்லை.

போன ஆகஸ்டில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் எதிரில் வந்து நின்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, என்னத் தெரியுதுங்களா? சாவடில கேலி பேசினு இருப்பேனே, சுப்பராயலு."

நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகத்தை நான் முழுதாகப் பார்த்தது அப்போதுதான். இரண்டு கன்னத்திலும் துளை ஆறிய வடு இருந்தது.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு எட்டு வருசமா கீதும்மா. அன்னிக்கு நீங்க நிமிந்து பாத்திருந்தா உட்டிருப்பாங்க. ஒங்க மேல தப்பு இல்ல. வயசுப் பொண்ண நாலு பேரு எதிர்ல செருப்பு அது இதுன்னு கேலி பண்ணிட்டேன். அந்த வெக்கத்துல ஒங்களால தலையத் தூக்க முடியல. எம் பொண்ணக் கொன்னது எம் வாயிதாம்மா."

நான் மறுபடி தரையைப் பார்த்தேன்.

"வருசா வருசம் திருவக்கரை அம்மனுக்கு வாய்ப்பூட்டு போட்டுக்கறேன். கன்னத்துல வேல் குத்திக்கினு ஒரு நாள் பூரா பேசறதில்ல. மத்த நாள்லயும் யாரையும் வெளையாட்டாக்கூட ஒண்ணும் சொல்றதில்ல. ஊட்ல பேச்சே இல்லாம பேஜாரா கீதுன்னு பொண்டாட்டி அழுவுறா. ஒங்க வாயால மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்கம்மா. போயிடறேன்."

"மன்னிச்சிட்டேன்" என்றேன். அவர் கேட்டது அது. கேட்டதைக் கொடுத்தேன். அவர் குனிந்து என் கால் இருந்த தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

அன்றிலிருந்து உங்கள் கடிதம் வரும்வரை, நான்கு மாதமாக, ஒரே விஷயத்தைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் அடுத்த ஆடியிலும் கன்னத்தைக் குத்திக்கொள்வார். தன் வாய்தான் காரணம் என்று அவர் நம்புவதில் பாதி சரி. கேலி காரணம்தான். ஆனால் வெட்கத்தால் அல்ல. இந்தக் கடிதத்தை எழுதி முடித்ததும் இன்னொரு பிரதி எடுக்கப் போகிறேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. வானூருக்குப் போய் நான்தான் படித்துக் காட்ட வேண்டும். அவருக்குப் புரியும்படி படிக்க வேண்டுமானால், மேலே எழுதியிருப்பதில் ஒரு இடத்தைத் திருத்த வேண்டும். உங்கள் கையேட்டிலும் அது திருத்தப்பட வேண்டும்.

கம்பியில் இருப்பது 'பாராதே' என்று எழுதினேன். அது உண்மை. சீட்டு முடிவு செய்தது என்று எழுதினேன். அது உண்மையல்ல.

முப்பத்தொன்றுக்கு நான் எடுத்த சீட்டு 'பார்'. மடித்து மறுபடி டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுத்தேன். அதுவும் 'பார்'. மூன்றாவது முறை குலுக்கவில்லை. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துப் படித்துக்கொண்டே போனேன். எனக்கு வேண்டியது ஐந்தாவதில் கிடைத்தது. அவ்வளவு நேரமும் சுப்பராயலு எனக்கு எதிரில்தான் நின்றுகொண்டிருந்தார். நான் அவருக்காகத்தான் எதையோ தேடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "கெடச்சிடும்மா, நல்லாப் பாருங்க" என்றார்.